நவநாள் ஊசி

உங்ககிட்டயும் சொல்லிச்சா? வாரக்கொம்மே மாத்ரா, நவநாள் பேடா-ன்னு? கன்னடத்துல, வாரத்துக்கு ஒரு தடவதான், நவநாள் வேணாம்னு? ஐயோ ஏசுவே! சார், அது இந்த ஆஸ்பத்திரி ரூல் இல்ல சார். அது என்னால வந்தது. சத்தியமா, நானேதான். அந்த நர்ஸ் பொண்ணு ஷில்பா இப்பல்லாம் இந்த வெயிட்டு கொறைக்கற ஊசி வாங்க யாரு வந்தாலும், இந்துவோ முஸ்லிமோ சேட்டோ, எல்லார்கிட்டயும் நவநாள் பேடான்னு சொல்லித்தான் அனுப்புது. உங்களுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. சொல்றேன், சொல்றேன்.

மொதல்ல அந்த மருந்துப் பைய இந்தப் பக்கம் வைங்க. ஜன்னல் வெயிலு நேரா உங்க மடியிலதான் அடிக்குது. அதுக்கு சூடும் ஆவாது, ரொம்ப ஐஸும் ஆவாது. பச்சப் புள்ள மாரி. ஆங், அப்டி.

நான் ஓஸ்வால்ட். விவேக் நகர். கேட்டரிங் சார், கல்யாணம், ஞானஸ்நானம், நாப்பதாம் நாளு, எதுக்குன்னாலும் பிரியாணி நம்மளுதுதான். நீங்க? தொம்மலூரா? நம்ம ஆளுதான் அப்போ. பேரு? வெங்கட... சுப்ர... மணியன். நான் சார்னே கூப்டுக்கறேனே, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேர முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள உள்ளேருந்து என்ன கூப்ட்ருவாங்க.

அதுக்குத்தான் சார் ஒக்காந்துகினு இருக்கேன். காத்தாலயே வெயிட் பாத்தாச்சு. எம்பத்தாறு! எம்பத்தாறு சார்! எம்பத்தேழுக்குக் கீழ வந்தாத்தான் ஆபரேஷன், இல்லாட்டி பேச்சே வேணாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. போன வருஷம் இதே ரூம்ல, நூத்தி நாலு இருக்கீங்க, கத்தி வைக்க மாட்டேன், போயிட்டு வாங்கன்னு அனுப்பிச்சாரு. இன்னைக்கு மிஷின்ல ஏறறதுக்கு முன்னாடி செல்ல வச்சேன், சாவிய வச்சேன், பெல்ட்ட கழட்டுனேன், கழுத்துல இருக்கற மாதா படம் போட்ட உத்தரியக் கயித்த கூட கழட்டி முத்தம் குடுத்து பாக்கெட்ல வச்சேன், அப்பால சட்டைக்கு கை போச்சு. ஷில்பா கத்துது, சாக்கு அங்கிள், சாக்கு, போதும், இதுக்கு மேல நான் பாக்க முடியாதுன்னு. எம்பத்தாறு காட்டிச்சா, எறங்கி மறுபடி ஏறுனேன். மறுபடி எம்பத்தாறு. மூணாவது தடவ ஏறப் போனேன், மிஷின தூக்கிகினு போயிடிச்சு.

இப்ப ரத்தம், ஸ்கேன் எல்லா ரிப்போர்ட்டும் டாக்டராண்ட உள்ள இருக்குது. அவரு சரின்னு ஒரு வார்த்த சொல்லணும். அது ஆவலன்னா எனக்கு வேற வழி இல்ல சார், உண்மையா சொல்றேன். அதான் இப்டி வாய் ஓயாம பேசிகினு இருக்கேன். பேசலன்னா எந்திரிச்சு ஆடிருவேன் போல கீது.

உங்களுக்கு எவ்ளோல ஆரம்பிக்க சொல்லிகிறாங்க? ஆங், சின்ன டோசு. கரெக்ட். அதுலயே இருங்க, அவங்களா ஏத்தற வரைக்கும். மொத மாசம் வெயிட்டு ஒண்ணுமே எறங்கலயேன்னு எனக்கு ஒரே பேஜாரு. அந்த ஊசிப் பேனா திருகுல ரெண்டு கிளிக் சேத்து வைக்கலாமான்னு பாத்தேன். நல்ல வேள, ஷில்பா ஃபோன் பண்ணிச்சு, அங்கிள் நக்கோ, வேணாம், வயிறு பழகணும்னு.

இன்னாது? உங்க மிஸஸுமா? அதே பேனாவுலயா? ஊசிய மட்டும் மாத்திக்குவீங்களா? ஐயோ சார், வேணாம் சார்! அதக் கேட்டா அந்தப் பொண்ணு உங்கள இங்கயே ஒக்கார வச்சு வகுப்பு எடுத்துரும். ஊசிய மாத்துனாலும் ரத்தம் உள்ள ஏறி நிக்குமாமே. அதுவும் இல்லாம உங்களுக்கு பாத்துதான உங்களுக்கு எழுதுனாங்க? என்ன எத்தினி கேள்வி கேட்டாங்க தெரியுமா, வூட்ல யாருக்குன்னா தைராய்டு கட்டி கேன்சர் வந்திருக்குதா, கணையம் எப்பன்னா வீங்கிச்சான்னு. கணையம்னா இன்னான்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மேடத்த கூட்டியாந்து காட்டுங்க சார். அவங்களுக்கு வேணும்னா அவங்களுக்குன்னு ஒண்ணு குடுப்பாங்க. புருசன் பொண்டாட்டின்னா எல்லாத்தயும் பங்கு போட்டுக்கலாம், இத மட்டும் வேணாம்.

எனக்கு அந்தப் பிரச்சன இல்ல. என் வூட்டுக்காரம்மாவுக்கு நான் ஊசி போடறதே தெரியாது. பிலோமினா. பிலோன்னு கூப்டுவேன். இன்னி வரைக்கும் தெரியாது சார். ஏன்னா கேக்கறீங்க? போன வருஷம் டாக்டரு ஆவாதுன்னப்ப அவ கூட ஒக்காந்துகினு இருந்தா. அவ மூஞ்சி போன போக்க பாத்தேன். இன்னொரு தடவ அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியாது. மொதல்ல ஆபரேஷனுக்கு சரின்னு ஆவட்டும், ஆன அப்பால சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

மறைக்கறது சும்மாவா? வூட்ல ஃப்ரிட்ஜு அவ ராஜ்ஜியம். மொத பேனாவ எங்க ஒளிச்சு வச்சேன் கேளுங்க. ஃப்ரீசர்ல, வஞ்சிர மீன் கவருக்கு அடியில. மீன அவ தொட மாட்டா, நான்தான் ஆயறது. பெரிய மூள ஓஸ்வால்டுக்கு! நாலு நாள் கழிச்சு எடுத்தா கட்ட மாரி கீது. வெந்நீர்ல போட்டு எளக்கலாமான்னு ஷில்பாவ கேட்டேன்.  அது சொல்லிச்சு, அங்கிள் அது பிரியாணி கறி இல்ல, ஒருக்கா ஒறஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான்னு. புது மருந்த தூக்கிப் போட்டேன். ரெண்டாவது பேனா காய் வைக்கற டப்பாவுல, நூக்கோலுக்கு அடியில. எங்க வூட்ல நூக்கோல யாரும் தேட மாட்டாங்க.

சரி, எங்க விட்டேன்? நவநாள். உங்களுக்கு நவநாள்னா இன்னான்னு தெரியாதுல்ல. எங்க குழந்த ஏசு கோயில்ல வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ஒரு ஜெபம். அதுக்குப் பேருதான் நவநாள். விவேக் நகர்ல அன்னைக்கு ஆட்டோ உள்ள வராது, அத்தினி கூட்டம். பிலோ ஒரு வாரம் தவற மாட்டா. மைக்ல பாட்டு ஆரம்பிக்கும், முக்காட போட்டுகினு கெளம்புவா, கதவு சாத்தற சத்தம் கேக்கும், வூடு காலி. ஃப்ரிட்ஜத் தொறந்து நூக்கோல தள்ளி, வயித்துல ஒரு வாரம் இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம், தொப்புளுக்கு ரெண்டு வெரல் தள்ளி, டக்கு. எறும்பு கடி கூட இல்ல சார், பயப்படாதீங்க.

அதனால ஷில்பா மொதல்ல எந்த நாளு போடுவீங்க, அதே நாளுதான் வாராவாரம்னு கேட்டப்ப, நவநாளுக்கு போட்டுக்கறேம்மான்னு சொல்லிட்டேன். அது கோலார் பக்கம் பொண்ணு. தமிழ்ல வியாழக்கிழமைக்கு இன்னொரு பேரு நவநாளு போலன்னு நெனச்சிகிச்சு! அப்லேர்ந்து ஃபோன் பண்ணா, அங்கிள், நவநாள் மரி பேடி, மறக்காதீங்க, ஒரு நவநாள் கூட விடக்கூடாதுன்னு சொல்லும். நானும் எப்டிம்மா விடுவேன்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிகினு இருந்தோம், ஜனவரி வரைக்கும்.

ஜனவரியில திருவிழா சார். திருவிழாவுக்கு முன்னாடி இன்னா வரும்? நவநாளு! நெஜமான நவநாளு. தெனமும். வரிசையா ஒம்போது நாளு!

அப்ப, வியாழக்கிழமை போட்டாச்சா? மறுநாளு கொடியேத்தம். மைக்ல பாட்டு. பிலோ முக்காட போட்டுகினு கெளம்பறா. கதவு சாத்துது. என் கை தானா நூக்கோலாண்ட போவுது. ஒரு நிமிஷம் நின்னேன் சார், நிக்கலன்னு சொல்ல மாட்டேன். நேத்துதான போட்டோம்னு யோசன வந்துது. அப்பால நானே ஞாயம் கண்டுபுடிச்சேன். நர்ஸம்மா இன்னா சொல்லிச்சு? ஒரு நவநாள் கூட விடக்கூடாது. டாக்டருங்க சும்மாவா சொல்லுவாங்க? திருவிழா சீசன், தெருவுக்கு தெரு விருந்து, ஓஸ்வால்டு வாய் சும்மா இருக்காது, அதான் இந்த ஒம்போது நாளு ஸ்பெஷலா கட்டுப்படுத்தறாங்கன்னு நெனச்சேன். இன்னா டாக்டருடா, கிறிஸ்துவங்க காலண்டர் கூட பாத்து மருந்து குடுக்கறாருன்னு பெருமையா வேற இருந்துச்சு!

சிரிங்க சார், நல்லா சிரிங்க. நானே சிரிக்கறேன் இப்போ. சனிக்கிழமையும் போட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் சின்ன சப்பரம் சுத்தி வருது. தோள் குடுக்கறவங்கள்ல நானும் ஒருத்தன், வருஷா வருஷம். எனக்குப் பின்னால சின்னப்பா. பங்குப் பேரவ, அதான் கோயில் கமிட்டி, ஆளு அவரு, அவர் வாய்ல ஒண்ணு விழுந்தா மைக்கே வேணாம். தெரு முனை திரும்பறோம். யாரோ வூட்ல கறி வறுக்கற வாசன வந்துது பாருங்க. சப்பரத்த எடுத்து பக்கத்துல இருந்தவன் தோள்ல வச்சேன், அவ்ளோதான் தெரியும். சின்னப்பாவோட புது செருப்பு மேலயே வாந்தி. எந்திரிக்க முடியல, தல சுத்துது, கால் பின்னுது. திருவிழா நேரம், சாயங்காலம், ஆம்பள ஒருத்தன் சப்பரத்துக்கு அடியில வாந்தி எடுத்துகினு தள்ளாடறான். ஊரு இன்னா நெனைக்கும்?

அதேதான். ஓஸ்வால்டு மறுபடி ஆரம்பிச்சிட்டான்!

நான் குடிய விட்டு பதிமூணு வருஷம் ஆச்சு சார். பிலோ தலையில கை வச்சு விட்டது. அவ ஓடியாந்து என்ன தூக்குனா, வாயாண்ட மோந்து பாத்தா. வாந்தி நாத்தத்துல இன்னா தெரியும்?  இல்ல பிலோ, குடிக்கலங்கறேன். அப்ப இன்னான்னு கேட்டா. சொல்லுங்க சார், நான் இன்னான்னு சொல்றது? ஊசின்னு சொன்னா எல்லாத்தயும் சொல்லணும். வாய மூடிகினேன். அன்னைலேர்ந்து எங்கிட்ட நேரா பேசறது இல்ல. சோறு ஆறுதுன்னு ஃபேன பாத்து சொல்லுவா.

மறுநாளு வாந்தி நிக்கல, தண்ணி கூட தங்கல. ஒசூர்ல ஆர்டர்னு பொய் சொல்லிட்டு ஆட்டோ புடிச்சு இங்க வந்துட்டேன். ஷில்பா கேக்குது, எப்ப அங்கிள் போட்டீங்க? நவநாளுக்கும்மா. எந்த நவநாளு? மூணு நவநாளும்மா. எப்டி மூணு, ஒரு வாரத்துல ஒரு நவநாள்தானேங்குது. இல்லம்மா, இந்த வாரம் தெனமும் நவநாளுங்கறேன். அந்தப் பொண்ணு மூஞ்சிய பாக்கணுமே! அப்பால பெரிய டாக்டரே வந்து, டிரிப்பு ஏத்தி, ரத்தம் எடுத்து, இத்தினி தண்ணி போனா கிட்னி அடிவாங்கும், தெரியுமா உனக்குன்னு ஒரு கத்து கத்துனாரு. நான் பயந்தது அதுக்குத்தான் சார், வயித்துக்கு இல்ல. கிட்னி நல்லா இருக்குன்னு ரிப்போர்ட்டு வர வரைக்கும் நான் சொல்லாத ஜெபம் இல்ல.

அதுலேர்ந்துதான் இந்த நவநாள் பேடா. பாவம், அந்தப் பொண்ணுக்கு கெனாவுல கூட வருதாம்.

இல்ல இல்ல, நீங்க பயப்படாதீங்க. ஒழுங்கா வாரத்துக்கு ஒண்ணு போட்டா அப்டி ஆவாது. கொஞ்சம் கொமட்டும், மலச்சிக்கல் வரும். தட்ட சின்னதாக்கிகிட்டு, போதும்னு வயிறு சொன்னா வாய மூடிரணும், அதுதான் கஷ்டம். முட்டயோ பருப்போ விடாம சாப்டுங்க, நடங்க, இல்லாட்டி கொழுப்புக்கு பதிலா சத போயிரும். தண்ணி குடிச்சுகினே இருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. மேல் வயித்துல விடாம வலி வந்து முதுகு வரைக்கும் புடிச்சா கேஸு, சோடான்னு வூட்ல ஒக்காராதீங்க, நேரா இங்க வந்துருங்க. அப்பால எந்த ஆபரேஷன்னாலும், பல்லு புடுங்க மயக்க ஊசின்னாலும், இத போடறேன்னு மொதல்லயே சொல்லிரணும். எனக்கு டாக்டரே நிறுத்திட்டாரு, சில வாரம் ஆச்சு. நிறுத்துனதும் பசி வருது பாருங்க, பிரியாணி தம் ஒடைச்சு மூடி தொறக்கறப்ப அண்டாவுக்குள்ளயே எறங்கிரலாம் போல! எம்பத்தாற புடிச்சு வைக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனா ஊரு இருக்குதே சார். ஜனவரில குடிகாரன். அப்பால தவக்காலம் வந்துதா? நான் ஒரு இட்லியோட எந்திரிக்கறேன், கறி தொடறதில்ல, மூஞ்சி ஒட்டிப் போச்சு. சின்னப்பாவே சொல்றாரு, ஓஸ்வால்டு மனம் திரும்பிட்டான், என்னமா நோம்பு இருக்கான் பாருன்னு. போன ஞாயித்துக்கிழமை சாமியாரு பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு, நம்ம பங்குல ஒரு சகோதரர் சமையல்காரரா இருந்தும் நாவ அடக்கறாருன்னு. மொத்த கோயிலும் திரும்பி என்ன பாக்குது. நான் தலைய குனிஞ்சுகினேன், தாழ்மைல இல்ல, சிரிப்புல! பிலோ மட்டும் திரும்பல. அவளுக்கு புனிதரு வேணாம், உண்மை வேணும்.

இருங்க, கதவு தொறக்குது. ஷில்பா... ஏன்மா? ஏனாயித்து, இன்னா ஆச்சு? சொல்லும்மா! சரின்ட்டாரா? நெஜமாவா? ஈஸ்டர் முடிஞ்சு? ஏசுவே, ஏசுவே! சார்! சரின்ட்டாரு சார்! கை குடுங்க! பைய புடிங்க, கீழ போடாதீங்க, நான் கட்டிப் புடிக்கறேன், தப்பா நெனைக்காதீங்க!

ஒக்காருங்க, ஒக்காருங்க.  இன்னா கேட்டீங்க? எனக்கு இன்னா ஆபரேஷனா? எனக்கு ஒண்ணும் இல்ல சார், குதிர மாரி இருக்கேன், எல்லாம் ரெண்டு ரெண்டா சுத்தமா இருக்குன்னு இப்பதான டாக்டரே சொல்லி அனுப்பிச்சாரு. பிலோவுக்கு சார். அவளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. மேல நாலாவது மாடில டயாலிசிஸ் மெஷின்ல படுத்துகினு இருக்கா, வாரத்துக்கு மூணு நாளு. அவள விட்டுட்டு கீழ காத்துகினு இருக்கேன்னு சொல்லித்தான் நான் இங்க வரது. என் கிட்னி ஒண்ணு அவளுக்கு சேருதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க, வெயிட்டுதான் ஆவாதுன்னாங்க. அன்னைக்கு ஆட்டோல அவ அழல சார். விடுங்க, நீங்க என்னைக்கு சாப்பாட்ட விட்டு இருந்தீங்கன்னு சிரிச்சா. அந்த சிரிப்ப என்னால தாங்க முடியல. ஆச காட்டி மறுபடி இல்லன்றதுக்கு, குடிகாரன்னே நெனச்சுக்கட்டும்னுதான் இருந்தேன்.

இப்ப லிஃப்ட்ல வருவா. டாக்டரு சரின்ட்டாரு, இனி அவ சரின்னு சொல்லணும். எப்டி சொல்றதுன்னே தெரியல, பேச மாட்டாளே. பேசாட்டி போறா சார். ஈஸ்டர் முடிஞ்சு என்னுது ஒண்ணு அவ வயித்துக்குள்ளயே போயி ஒக்காந்துக்கப் போவுது, அப்ப யாராண்ட பேசாம இருப்பா?